பச்சை மையில் திருத்திய ஃப்ரிட்ஜ் கதை

போன செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விசாரணைக் கமிட்டியின் முன்னால் தப்பான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விசாரணை எனக்குப் புதிதில்லை. இங்கே ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். அதில் பதினோரு வருஷம் விசாரணை அதிகாரி. கேன்டீனில் சாம்பார்க் கரண்டியை ஆயுதமாகப் பயன்படுத்தியவர், ஒரே தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று வருஷத்தில் மூன்று தடவை லீவு எடுத்தவர் — எல்லோரும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்து போனவர்கள்தான். என் பக்கம் குஷன் நாற்காலி. அவர்கள் பக்கம் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பார்த்தால், எதிரே இருப்பவர்கள் எவ்வளவு உயரமாகத் தெரிகிறார்கள்! பதினோரு வருஷத்தில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

என்ன குற்றம் என்று கேட்கிறீர்களா? ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றிய மூன்று நிமிஷக் கதையைத் திருத்தினேன். அவ்வளவுதான். அதில் ஒரு பெண்ணின் படிப்பே போக இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன கணவனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பற்றி இதே பக்கத்தில் முன்பு எழுதியிருந்தேன். கடிதம் போட்ட வாசகிகள் அத்தனை பேரும் என் மனைவியின் கட்சி. அந்தக் கடிதங்களை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அந்தத் தெம்பில்தான் ஒரு நாள் பேப்பரிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கத்தரித்து என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். ‘வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பகுதிநேரப் பயிற்றுநர் தேவை. ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்.’

நாங்கள் இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய கல்லூரி. பெயர் வேண்டாம். நம் பிள்ளைகள் ஒரு பக்கம் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் ஏமனிலிருந்தும், சூடானிலிருந்தும், எத்தியோப்பியாவிலிருந்தும், ஆப்கானிஸ்தானிலிருந்தும் பெட்டியோடு இங்கே வந்து இறங்குகிறார்கள். ஹைதராபாத் என்றால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் வேலை — இந்தச் செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேற்படிப்பில் சேர்வதற்கு முன்னால் இவர்கள் ஒரு பருவம் ஆங்கிலம் படித்துத் தேற வேண்டும். கடையில் பேசுகிற ஆங்கிலம் இல்லை. கட்டுரை எழுதுகிற ஆங்கிலம். ஒன்றைச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டிய ஆங்கிலம்.

இது எனக்காகவே படைக்கப்பட்ட வேலை என்று நினைத்தேன். எங்கள் ஆபீஸ் ஃபைலில் இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் காகிதங்கள். இடது பக்கம் நீங்கள் ஒரு வரி எழுதினால், அதற்கான காகிதத்தை வலது பக்கத்தில் தேடி, அதன் ஓரத்தில் ‘ஏ’, ‘பி’ என்று ஒரு சீட்டுக் கொடி ஒட்ட வேண்டும். கொடி இல்லாத வரிக்கு மதிப்பில்லை. கல்விக் கட்டுரை என்பது வேறென்ன? முதல் வகுப்பிலேயே பதினோரு மாணவர்களுக்கும் கொடி ஒட்டக் கற்றுக்கொடுத்துவிட்டேன். குதூகலமாக ஒட்டினார்கள்.

பிறகுதான் டாக்டர் மாதவி என்னைக் கூப்பிட்டார்.

மாதவி இந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். ராஜமுந்திரிக்காரர், சென்னையில் படித்தவர். தமிழைத் தெலுங்குத் தாளத்தில் பேசுவார். என்னை ‘மாஸ்டாரு’ என்பார்.

“மாஸ்டாரு, கொடி எல்லாம் பாகுந்தி, நல்லாத்தான் இருக்கு. ஆனா கொடி ஒட்டறதுக்கு முன்னால அவங்க கிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்கணும் இல்ல?”

“விஷயம் புத்தகத்தில் இருக்கிறதே, மேடம்.”

“அது புத்தகத்தோட விஷயம். இவங்க விஷயம் எங்க?”

அவருடைய திட்டம் இது. ஒவ்வொரு மாணவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை, தன் ஆங்கிலத்தில், முன்னூறு சொற்களுக்குள் எழுத வேண்டும். அதைத் தன் குரலில் பதிவு செய்து, பத்துப் பதினைந்து புகைப்படங்களை கம்ப்யூட்டரில் அடுக்கி, மூன்று நிமிஷப் படமாக ஆக்க வேண்டும். அந்தக் கதையிலிருந்து ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் கட்டுரை.

சினிமா எடுத்து இங்கிலீஷ் படிப்பதா? எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மேலிடத்து உத்தரவைப் பற்றிச் சிரிப்பதற்கு நேரம், இடம் எல்லாம் உண்டு. ஒருங்கிணைப்பாளரின் அறை அந்த இடமில்லை.

இனி செலாம்.

எத்தியோப்பியாவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். முப்பத்திரண்டு வயதுப் பெண். அவருடைய அரசாங்கமே உதவித்தொகை கொடுத்து, மருந்து மேலாண்மை படிக்க அனுப்பியிருந்தது. படித்து முடித்தால் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. நடுவில் நின்றது இந்த ஆங்கிலம் ஒன்றுதான். எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தார். மூன்றாவது தடவையும் தோற்றால் உதவித்தொகை ரத்து, இடமும் ரத்து, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்தத் தடவை தப்பிக்க ஒரே வழி, பாதி மதிப்பெண் கொண்ட இந்த மூன்று நிமிஷப் படம்.

ஒரு நாள் மதியம் தன் கையால் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நீல மை. பெரிய பெரிய எழுத்து. அவருடைய ஆங்கிலத்தை இங்கே தமிழில்தான் தருகிறேன். அதிலிருந்த தப்புகளை மொழிபெயர்க்க எனக்குத் தெரியாது.

‘எங்கள் கிடங்கில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் ஒன்று. காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து வெப்பநிலை பார்க்க வேண்டும். ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார்: நாலு என்று எழுது, போதும். நான் நாலு என்று எழுதினேன். மாதத்தின் முதல் நாளே முப்பது நாளுக்கும் எழுதினேன். நாலு வருஷம் எழுதினேன். ஒரு நாள் ஒரு நர்ஸ் கதவைத் திறந்தார். உள்ளே சூடாக இருந்தது. எத்தனை நாளாகச் சூடாக இருந்தது? எத்தனை குழந்தைக்கு அந்த மருந்து போனது? எனக்குத் தெரியாது. ரெஜிஸ்டருக்கும் தெரியாது. ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்ததால் யாரும் என்னைத் தண்டிக்கவில்லை.’

படித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தேன்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு கடிதத்தைக் கீழே இருப்பவர் வரைவாக எழுதுவார். அது மேலே போகும். பிரிவு அதிகாரி திருத்துவார். அவருக்கு மேலே இருப்பவர் அந்தத் திருத்தத்தைத் திருத்துவார். மூன்று மாடி ஏறி இறங்கும்போது முதலில் எழுதியவரின் சொற்களில் ‘ஐயா’வும் தேதியும் மட்டும் மிஞ்சும். சுத்தப் பிரதி எடுத்து முதலில் எழுதியவரே சுருக்கொப்பம் போடுவார். பச்சை மை மேலதிகாரியின் மை. பச்சை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அக்கறை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். என் முதல் வரைவில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சையாகித் திரும்பி வந்தபோது நான் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னவன்!

முப்பத்து நான்கு வருஷத்தில், ‘இதை யார் எழுதினது?’ என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? ஒரு நாளும் இல்லை. ‘இதில் யார் கையெழுத்து?’ — அது ஒன்றுதான் கேள்வி.

அந்த அக்கறையோடு செலாமின் இரண்டு பக்கத்தையும் திருத்தினேன். ‘நான் நாலு என்று எழுதினேன்’ என்ற இடத்தை அடித்துவிட்டு, ‘குளிர்பதனக் கண்காணிப்பு முறையில் சில குறைபாடுகள் கவனத்துக்கு வந்தன’ என்று போட்டேன். குழந்தைகளைப் பற்றிய வரியை எடுத்தேன் — உணர்ச்சி அதிகம், ஆதாரம் இல்லை. கடைசியில், ‘மேற்கூறியவற்றைக் கருத்தில் கொண்டு’ என்று ஆரம்பித்து ஒரு பரிந்துரை. அப்பழுக்கில்லாத ஆங்கிலம்.

செலாம் சுத்தப் பிரதியை மெதுவாகப் படித்தார். “சார், இதில் நான் எங்கே?”

“கீழே. கையெழுத்துப் போடும் இடத்தில்” என்றேன்.

தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார் என்றுதான் ஞாபகம்... நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் உழைத்த உழைப்பை நான் பார்த்தேன். நூலகத்துக்குப் பின்னால் பழைய பேப்பர் அடுக்கி வைத்த ஒரு அறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். சத்தம் விழும் என்பதால் ஃபேன் போடக் கூடாது. ஏப்ரல் மாத ஹைதராபாத். பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கான்கிரீட் மெஷின். அது நிற்கும்போது பேசி, ஓடும்போது நிறுத்தி, தலையில் ஹெட்போனோடு, கழுத்தில் ஈரத் துண்டோடு, என் வாக்கியங்களை ஒவ்வொன்றாக நாக்கில் வரவழைத்தார். ‘மேற்கூறியவற்றைக் கருத்தில் கொண்டு’ என்பது மட்டும் பதினேழு தடவை. நான் கதவோரம் நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

படம் சமர்ப்பிக்கப்பட்டது. மூன்றாம் நாள் செலாமுக்கு நோட்டீஸ் வந்தது.

‘தங்கள் படத்தின் உரை தங்களால் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. பிறர் எழுதியது என்று உறுதியானால் பூஜ்யம் வழங்கப்படும். செவ்வாய்க்கிழமை கமிட்டி முன் ஆஜராகவும்.’

எனக்கு வந்த கோபம்! நேரே மாதவியிடம் போனேன்.

“மாஸ்டாரு, நீங்களே அந்தப் படத்தைப் பாருங்க. வகுப்புல ரெண்டு வாக்கியம் சேர்த்துப் பேசமாட்டாங்க. இதுல என்னடான்னா... இது ஃப்ரிட்ஜ் பத்தின கதை மாதிரி இல்ல. ஃப்ரிட்ஜ் வாங்கற டெண்டர் மாதிரி இருக்கு! எங்கயோ இன்டர்நெட் சென்டர்ல யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“அந்தம்மா என்ன சொல்கிறார்?”

“ஒண்ணும் சொல்லல. யார் எழுதினதுன்னு மூணு தடவை கேட்டேன். தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க.”

என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டீஸின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பழக்கம், ஐயா, பழக்கம். ஒரு நோட்டீஸைக் கண்டால் அதில் என்ன ஓட்டை என்று பார்க்கிற கண் எனக்கு. வரிசை எண் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை. பதில் தர ஐந்து நாள் அவகாசம் என்று அவர்களுடைய மாணவர் கையேடே சொல்கிறது. ஞாயிறு போக இரண்டு நாள்தான் கொடுத்திருந்தார்கள். இந்த மூன்று ஓட்டை போதும், நோட்டீஸைக் கிழித்துத் தொங்கவிட. தொங்கவிடுவது என்று தீர்மானம் செய்து, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து செலாமின் சார்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நான்கு மணிக்குள் ஆறு பக்கம் ஓடிவிட்டது.

என் மனைவி காபியை வைத்தாள். அம்பாசமுத்திரத்துக்காரி. இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் தமிழில் தாமிரபரணி வற்றவில்லை.

“என்னத்த எழுதுதீங்க இம்புட்டு நேரமா?”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். நின்றபடியே ஆறு பக்கத்தையும் புரட்டினாள்.

“இது அந்தப் பிள்ளை கொடுக்கப் போற பதிலா?”

“ஆமாம்.”

“எழுதுதது நீங்க.”

“ஆமாம்...”

“அந்தப் பிள்ளை மேல என்ன கேசு?”

நான் பேனாவை மூடினேன்.

“சொல்லுங்க. வேற ஆளு எழுதினதை தன்னோடதுன்னு கொடுத்துட்டா, அதான கேசு? இப்ப அவளுக்குத் தப்பிக்க நீங்க என்ன கொடுக்கப் போறீக? வேற ஆளு எழுதின இன்னும் ஆறு பக்கம்!” என்று சொல்லிவிட்டு, “காபி ஆறுது” என்று போய்விட்டாள்.

இலாகா விசாரணையில் நான் சந்தித்த எந்த வக்கீலும் என்னை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை.

மறுநாள் காலை கேன்டீனில் செலாமைப் பிடித்தேன். எதிரே டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். தொடவில்லை.

“இரண்டு வழி இருக்கிறது” என்றேன். “நோட்டீஸில் முறைப் பிழை இருக்கிறது. அதைக் காட்டினால் கேஸ் நிற்காது. நிச்சயமாக ஜெயிக்கலாம். இன்னொன்று — நான் எழுதினேன் என்று நானே போய்ச் சொல்வது. அதில் நிச்சயம் கிடையாது. இரண்டு பேரும் கூட்டு என்று கமிட்டி நினைத்தால் உங்களுக்குப் பூஜ்யம்தான்.”

அவர் யோசித்தார். “முதல் வழியில் ஜெயித்தால், அந்தப் படம் என் பேரில் இருக்குமா?”

“இருக்கும்.”

“அதில் நான் பொய் எழுதினேன் என்ற வரி இல்லை. நீங்கள் ஏன் எடுத்தீர்கள்?”

“உங்களைக் காப்பாற்றத்தான். ஒரு அரசாங்க ஊழியர் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஆபீஸில் அது முதல் பாடம்.”

“சார், எங்கள் ஆபீஸிலும் அதுதான் முதல் பாடம்” என்றார் செலாம். “அந்தப் பாடத்தால்தான் ஃப்ரிட்ஜ் சூடானது. அதைச் சொல்லத்தான் நான் எழுதினேன்.”

டீயில் ஆடை கட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இரண்டாவது வழி” என்றார்.

“ஊருக்குத் திரும்பும்படி ஆனால்?”

“திரும்புவேன். ஆனால் அந்தப் படத்தோடு திரும்ப மாட்டேன்.”

சரி. முடிவாகிவிட்டது. முடிவான பிறகு எனக்குப் பயமில்லை. முடிவை நிறைவேற்றுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. எந்தப் பெரிய வக்கீலும் செய்யாத ஒன்றைச் செய்தேன் — கல்லூரியின் மாணவர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதை எழுதியவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். உள்ளே, கட்டண விவரத்துக்கும் ஹாஸ்டல் குளியலறை விதிகளுக்கும் நடுவே ஒரு பத்தி: பயிற்றுநரின் வழிகாட்டுதலில் நேர்ந்த பிழையால் மாணவரின் வேலை கெட்டிருந்தால், கமிட்டி ஒரு தடவை மட்டும் மறுபடி சமர்ப்பிக்க அனுமதிக்கலாம்.

‘அனுமதிக்க வேண்டும்’ இல்லை. ‘அனுமதிக்கலாம்.’ எத்தனை பேருடைய பிழைப்பை இந்த ‘லாமில்’ தொங்கவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை. கமிட்டி அறை வாசலில் நானும் செலாமும். அட்டெண்டர் யாதகிரி தலையை நீட்டி, “சாப், அந்தர் புலாரே... ஜல்தி!” என்றார். கூப்பிடுகிறார்களாம். உள்ளே போனோம்.

எதிரே மூன்று பேர். தலைவர் ஒரு மூத்த வேதியியல் பேராசிரியர், பக்கத்தில் மாதவி, இன்னொரு பக்கம் நிர்வாக அதிகாரி.

நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கள் எந்த முறையில் வந்திருக்கிறீர்கள்? சாட்சியா, மாணவருக்குத் துணையா?”

நல்ல கேள்வி. நானே கேட்டிருப்பேன். ஒரே ஆள் சாட்சியாகவும் துணையாகவும் இருக்க விதி இடம் தராது.

“இரண்டும் இல்லை. தப்புச் செய்தவன் நான். அந்த முறையில்.”

மாதவியின் பேனா மேஜையில் விழுந்தது. “அய்யய்யோ மாஸ்டாரு... மீரா? நீங்களா?”

நான் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். எந்த வரைவையும் நான் கிழித்துப் போடுவதில்லை. போடாமல் இருந்ததற்கு முதல் தடவையாக ஒரு பலன். செலாமின் கையெழுத்து நீலத்தில். என் திருத்தம் பச்சையில். பச்சைக்குக் கீழே நீலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். ‘வழிகாட்டும் போக்கில் சில திருத்தங்கள் மேற்கொள்ள நேர்ந்தது...’ என்று ஆரம்பமாகும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் செலாம் உட்கார்ந்திருந்தார். விழுங்கினேன்.

“நான் எழுதினேன்” என்றேன். “அவர் எழுதியதை நான் அழித்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.”

தலைவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இவ்வளவு படித்தவர் நீங்கள். இது தப்பு என்று தெரியாதா?”

“ஐயா, முப்பத்து நான்கு வருஷம் இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கையேட்டின் பத்தியைப் படித்துக் காட்டினேன். நிர்வாக அதிகாரி கையேட்டை வாங்கி, அப்படி ஒரு பத்தி நிஜமாகவே இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தலைவர் செலாமிடம், “நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார்.

செலாம் எழுந்து நின்றார்.

“அவர் எழுதினார். ஆனால் நான் கையெழுத்துப் போட்டேன். அது என்னுடையது இல்லை என்று தெரியும், இருந்தும் போட்டேன். ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் நாலு வருஷம் எழுதினேன். இது எனக்கு இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை செய்ய மாட்டேன். எனக்கு என் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.”

தப்புத் தப்பான ஆங்கிலம். அந்த அறையில் அதைக் கேட்ட நான்கு பேரில் ஒருவருக்குக்கூட எந்த வார்த்தையும் புரியாமல் போகவில்லை.

வெளியே பத்து நிமிஷம் நிற்கவைத்தார்கள். யாதகிரி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, “டென்ஷன் நக்கோ சாப்” என்றார். ‘நக்கோ’ என்றால் இந்த ஊரில் ‘வேண்டாம்’. உள்ளே கூப்பிட்டுத் தீர்ப்பைப் படித்தார்கள். ஒரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மாலைக்குள். தன் பழைய நீல வரிகளிலிருந்து, கல்லூரி லேபில், மாதவியின் கண்காணிப்பில் புதிதாகப் படம். பயிற்றுநர் அந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது.

“கட்டடத்துக்குள்ளயே வரக் கூடாதா?” என்று மாதவியிடம் கேட்டேன்.

“மாஸ்டாரு, ஜன்னல் பக்கம்கூட வரக் கூடாது. உங்க விரல் ஆடறது எனக்குத் தெரியும்.”

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று நாளைப் பற்றி என் மனைவி தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, எல்லோர் முன்னாலும் படத்தைப் போட்டார்கள். அன்று எனக்கு அனுமதி உண்டு; கடைசி வரிசை. திரையில் ஒரு ரெஜிஸ்டர் பக்கம். நாலு, நாலு, நாலு என்று மேலிருந்து கீழ் வரை ஒரே கையெழுத்து. செலாமே லேபில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் படமெடுத்திருந்தார். அதன் மேல் அவர் குரல், அவருடைய உடைந்த ஆங்கிலத்தில். ‘இது என் கை’ என்று ஆரம்பித்தது. மாதத்தின் முதல் நாளே முப்பது நாளை எழுதியதைச் சொன்னது. குழந்தைகளைச் சொன்னது. பின்னால் கான்கிரீட் மெஷின் ஓடுவது லேசாகக் கேட்டது; அவர் நிறுத்தவில்லை, அதன் மேலேயே பேசிக்கொண்டு போனார். கடைசிப் படத்தில் ஒரு ஃப்ரிட்ஜின் மூடிய கதவு. ‘யாரும் பார்க்காத ஒன்றை மனிதர்கள் ஏன் எழுதிவைக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் படிக்க விரும்புகிறேன்.’

விளக்குப் போட்டார்கள். ஆப்கானிஸ்தான் மாணவர் ஒருவர், அங்கே ஏதோ துறையில் குமாஸ்தாவாக இருந்தவர், மெல்லச் சொன்னார்: “நாங்கள் ஏழு என்று எழுதுவோம்.”

நான் என் காலம் முழுக்கப் போட்ட ‘பார்த்தேன்’, ‘சரிபார்த்தேன்’ கையெழுத்துகளை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

படத்தில் செலாம் தேறிவிட்டார். பிரமாதமான மதிப்பெண் எல்லாம் இல்லை, நடுத்தரம். தேறியது தேறியதுதான்.

திங்கட்கிழமை கட்டுரையின் முதல் பக்கத்தோடு வந்தார். மறுபடியும் நீல மை. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவர் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

“நக்கோ, சார். கேள்வி மட்டும் கேளுங்கள்.”

கேள்வியா? விசாரணை அதிகாரிக்குக் கேள்விக்கா பஞ்சம்? “அந்த நாலு வருஷத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் யாருமே கதவைத் திறக்கவில்லையா?” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அரைப் பக்கம் எழுதினார். எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஏழு தப்பு தெரிந்தது.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.